சொல்லுரிமைக்கு மன்றில் நாவாக நிற்பவர் யார்?

உரிமை ஏட்டில் இருப்பது வேறு. மன்றில் நிலைப்பது வேறு. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அதன் 14(1)(அ) உறுப்புரையில், பேச்சுச் சுதந்திரமும் வெளியீடு உள்ளிட்ட கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரமும் இந்நாட்டின் பிரசை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று கூறுகின்றது. வாசகத்திலே குறை காண்பதற்கில்லை. ஆயினும், கட்டுரை எழுதியவரோ கவிதை பாடியவரோ துண்டுப்பிரசுரம் வழங்கியவரோ பொலிஸாரால் கொண்டு செல்லப்பட்டு நீதவான் முன் நிறுத்தப்படும் வேளையில், அவ்வாசகம் தானாக எழுந்து வாதாடுவதில்லை. அதன் சார்பிலே பேச ஒருவர் வேண்டும். அவர்தாம் சட்டத்தரணி. அவ்வகை வழக்கை நடத்துவதற்கு வேண்டிய பயிற்சி அவருக்கு உண்டா? இக்கேள்வியைத் தமிழ் பேசும் மக்கள் இதுவரை உரக்கக் கேட்டதில்லை. இனியேனும் கேட்டாக வேண்டும்.

எமது கருத்தை முதலிலேயே கூறி விடுகின்றோம். சொல்லுரிமை வழக்குகளிலே தேர்ந்த வழக்கறிஞர் சிலர் கொழும்புப் புதுக்கடையில் இருப்பது மட்டும் போதாது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, நுவரெலியா என நீதவான் மன்றம் அமைந்துள்ள ஊர்கள்தோறும், இத்துறையிலே முறையாகப் பயின்ற சட்டத்தரணிகள் நால்வர் ஐவராவது இருத்தல் வேண்டும். ஏனெனில் இவ்வழக்குகள் தோன்றுமிடம் அங்கேதான். பெரும்பாலும் அவற்றின் போக்குத் தீர்மானிக்கப்படுவதும் அங்கேதான்.

வாதத்தால் விளைந்த உரிமை

சொல்லுரிமையை இந்நாட்டில் வளர்த்தவர்கள் அரசியலமைப்பை வரைந்தோர் மட்டுமல்லர். மன்றிலே எழுந்து நின்று வாதித்தோரும் ஆவர். 1937 ஆம் ஆண்டை நினைவு கூர்வோம். தேயிலைத் தோட்டத்திலே வேலை பழக வந்த பிரேஸ்கேர்டில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞர், சமசமாஜக் கட்சி மேடைகளில் ஏறித் தோட்டத் தொழிலாளரின் துன்பங்களைப் பேசினார். அத்தொழிலாளர் யார்? மலைநாட்டிலே உழைத்த எம்மவர். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். எச். வி. பெரேரா உயர் நீதிமன்றத்திலே தோன்றி, அவசர நிலை இல்லாத வேளையில் தேசாதிபதிக்கு அத்தகைய அதிகாரம் கிடையாது என்று வாதித்தார். மன்றம் அதனை ஏற்றது, இளைஞர் விடுதலையானார். அடிப்படை உரிமைகள் என்னும் அத்தியாயமே இல்லாத காலத்தில் கிடைத்த வெற்றி அது.

1976 ஆம் ஆண்டு மே மாதத்தில், வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறிய சில நாட்களுள், துண்டுப்பிரசுரம் விநியோகித்தமைக்காக அ. அமிர்தலிங்கம் முதலான தமிழ்த் தலைவர்கள் கைது செய்யப்பட்டு, ஜூரிகள் இன்றி மூன்று நீதிபதிகள் முன் நிறுத்தப்பட்டனர். அவர்களுக்காக எஸ். ஜே. வி. செல்வநாயகம், ஜீ. ஜீ. பொன்னம்பலம், மு. திருச்செல்வம் ஆகியோரும், அவர்களோடு பெருந்தொகையான சட்டத்தரணிகளும் அணி திரண்டனர். அரசியலிலே நெடுங்காலம் எதிரெதிராக நின்றோர் ஒரே மேசையில் அமர்ந்தனர். பிரசுரம் குற்றமற்றது என்று கூறுவதோடு அவர்கள் நின்று விடவில்லை; எந்த அவசரகால விதியின் கீழ் வழக்குத் தொடரப்பட்டதோ, அந்த விதியே செல்லுபடியாகுமா என்று கேட்டனர். விசாரணை மன்றம் அந்த ஆட்சேபனையை ஏற்றது. குற்றச்சாட்டுக்கு விடை கூறுவதற்கு முன், குற்றச்சாட்டின் அத்திவாரத்தை ஆராய வேண்டும் என்பது அவ்வழக்குத் தந்த பாடம்.

பதினொரு ஆண்டுகளின் பின் இதே துண்டுப்பிரசுரப் பிரச்சினை மீண்டும் எழுந்தது. பொலிஸ் அனுமதியின்றிப் பிரசுரம் வழங்கலாகாது என்ற அவசரகால விதி, 1987 ஆம் ஆண்டு ஜோசப் பெரேரா வழக்கிலே, பிரதம நீதியரசர் சு. சர்வானந்தா தலைமையில் ஐந்து நீதியரசர் கொண்ட ஆயத்தின் முன் வந்தது. அவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று பெரும்பான்மையோர் தீர்த்தனர். 1992 ஜூலை 1 ஆம் திகதி, அரசாங்கத்தை எதிர்த்து மணியடித்தும் பறையறைந்தும் பாத்திரங்களைத் தட்டியும் மக்கள் ஓசை எழுப்பினர். அந்த ஓசையும் கருத்து வெளிப்பாடே என்று 1993 இல் உயர் நீதிமன்றம் கூறிற்று. மாகாண சபைத் தேர்தல்கள் பிற்போடப்பட்டபோது, வாக்களித்தலும் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவமே என்று 1999 இல் அதே மன்றம் தீர்த்தது. பறையோசையும் வாக்குச் சீட்டும் 14(1)(அ) உறுப்புரைக்குள் வரும் என்று அரசியலமைப்பில் எங்கும் எழுதப்படவில்லை. வாதித்தவர்கள் காட்டினார்கள், நீதியரசர்கள் கண்டார்கள்.

வழக்கு தொடங்கும் இடம்

இவை யாவும் கொழும்பிலே பெற்ற வெற்றிகள். இனி, வழக்கு தொடங்கும் இடத்தைப் பார்ப்போம்.

அஹ்னாப் ஜசீம் என்னும் இளங் கவிஞர் தமிழிலே எழுதிய கவிதைத் தொகுதி ‘நவரசம்’. 2020 மே மாதத்தில் மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறையில் அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அக்கவிதைகள் தீவிரவாதத்தை ஊட்டுகின்றன என்பது அவர் மீது கூறப்பட்ட குற்றம். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதே நூலில் உள்ளன என்பதைப் பலர் எடுத்துக்காட்டினர். ஏறத்தாழ 19 மாதங்கள் காவலில் கழிந்த பின்பே, 2021 டிசம்பரில் அவருக்குப் பிணை கிடைத்தது. மேலும் இரண்டு ஆண்டுகள் சென்று, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. இறுதியில் நீதி கிடைத்தது, உண்மை. ஆனால் போன 19 மாதங்களை எந்தத் தீர்ப்பு மீட்டுத் தரும்?

அதே 2020 ஆம் ஆண்டு ஏப்ரலில் ரம்சி ராசிக் என்பவர் கைதானார். பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு சிந்தனையினாலே ஒரு ‘ஜிஹாத்’ செய்ய வேண்டும் என்று முகநூலில் சிங்களத்திலே எழுதியதே காரணம். வசனம் முழுவதையும் படித்தவருக்கு அது ஆயுதத்தைக் கைவிடச் சொல்லும் வசனம் என்பது விளங்கும். ஒரு சொல்லை மட்டும் பிடுங்கி எடுத்தவருக்கு அது பயங்கரமாகத் தோன்றியது. ஐந்து மாதங்களுக்கு மேல் அவர் விளக்கமறியலில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரல் 1 ஆம் திகதி கைது செய்யப்பட்டு நான்கு மாதங்கள் சிறையிருந்தார். அவர் மீது ஏவப்பட்டது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை நடைமுறைப்படுத்த வந்ததாகக் கூறப்படும் சட்டம் அது! வன்முறையைத் தூண்டுவோரை அடக்கப் பிறந்த அதன் 3 ஆம் பிரிவு, கதை எழுதியவரைச் சிறையில் அடைக்கப் பயன்பட்டது. அப்பிரிவின் கீழ்ப் பிணை வழங்க நீதவானுக்கு அதிகாரமில்லை. மேல் நீதிமன்றமே, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையிலேயே, வழங்கலாம். ஆயினும் 2023 இல் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய அதே பிரிவின் கீழ் கைதானபோது, கொழும்பு மேல் நீதிமன்றம் ஆறு வாரங்களுக்குள் பிணை வழங்கிற்று. புண்படுத்துவது வேறு, பகைமைக்கும் வன்முறைக்கும் தூண்டுவது வேறு என்பதை அக்கட்டளை விளக்கிற்று. 2019 இல் இருந்த சட்டமே 2023 இலும் இருந்தது. சட்டத்தின் வாசகம் மாறவில்லை. அதற்குப் பொருள் காட்டும் வாதம் வளர்ந்திருந்தது. அந்த வாதம் இன்று பதுளையிலும் கல்முனையிலும் வழக்காடும் இளம் சட்டத்தரணியின் கைக்கு எட்டியிருக்கிறதா?

பயில வேண்டியவை எவை?

முதலாவது, காலக் கணக்கு. அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126 ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். வேறு மன்றத்துக்கு அவ்வதிகாரம் இல்லை. காவலில் உள்ளவர் தாமே மனுச் செய்ய வேண்டுமென்பதில்லை. அவர் சார்பிலே சட்டத்தரணி ஒருவர் செய்யலாம். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த ஒரு மாதத்திற் சேராது. இவ்வழி அறிந்தவருக்குக் கதவு திறந்திருக்கும். அறியாதவர் உறவினரை ஆறுதல்படுத்திக் கொண்டிருக்கையிலே மாதம் முடிந்துவிடும்.

இரண்டாவது, முதல் நாட்களின் காவல். பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகம் 2008 மார்ச்சில் கைதாகி, சஞ்சிகை ஒன்றில் எழுதிய கட்டுரைகளும் அச்சஞ்சிகைக்கு நிதி திரட்டியமையும் காரணமாக, 2009 ஆகஸ்ட் 31 ஆம் திகதி 20 ஆண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை பெற்றார். காவலில் அவர் அளித்ததாகக் கூறப்பட்ட வாக்குமூலம் அவருக்கெதிரான சான்றாயிற்று. சாதாரணச் சட்டத்தில் பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் செல்லாது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் அளித்ததை ஏற்றதோடு, அது விருப்பின்றிப் பெறப்பட்டது என்று காட்டும் சுமையையும் எதிரியின் தோளிலேயே ஏற்றிற்று. எனவே வழக்கின் உயிர் விசாரணை மண்டபத்தில் அல்ல, தடுப்புக் காவலின் முதல் வாரங்களிலே இருந்தது. சந்திக்க அனுமதி கோருவதும், மருத்துவப் பரிசோதனை வேண்டுவதும், ஒவ்வொரு முறைப்பாட்டையும் எழுத்திலே பதிவு செய்விப்பதும் சிறு காரியங்களல்ல.

மூன்றாவது, எழுத்தைப் படித்துக் காட்டும் கலை. கொலை வழக்கிலே கத்தி சான்றாகும். சொல்லுரிமை வழக்கிலே சொல்லே சான்றாகும். அச்சொல்லை எவ்வாறு படிப்பது? முழுப் படைப்பையும் நோக்க வேண்டும்; யாரை நோக்கி, எக்காலத்தில், எவ்விடத்தில் எழுதப்பட்டது என்று ஆராய வேண்டும்; அதனால் வன்முறை விளையும் என்பதற்குச் சான்று உண்டா என்று கேட்க வேண்டும். கவிதையில் ‘நான்’ என்று பேசுபவர் கவிஞரே என்று கொள்ளுதல் பேதைமை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பாட்டில் பேசுவோரைப் பிரித்தறிந்து பயின்ற மொழி எமது மொழி. இதனைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மன்றுக்கு எடுத்துரைக்கும் ஆற்றல் வேண்டும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு நிபுணர் சாட்சியத்துக்கு இடம் தருகின்றது. தமிழறிஞர் ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது எப்படி, அரச தரப்பு மொழிபெயர்ப்பை வரிக்கு வரி குறுக்கு விசாரணை செய்வது எப்படி என்பவற்றை எந்தப் பாடநூலும் இன்று கற்பிப்பதில்லை. வவுனியாவிலே தமிழில் தொடங்கும் வழக்கு கொழும்பிலே ஆங்கிலத்தில் முடிவடையும் நாட்டில், மொழிபெயர்ப்பிலே தோற்றவர் வழக்கிலும் தோற்றவரே.

நான்காவது, சட்டத்தையே எதிர்க்கும் திறன். எமது அரசியலமைப்பின் 80(3) உறுப்புரைப்படி, சட்டமூலம் ஒன்று சபாநாயகரின் சான்றுரை பெற்றுச் சட்டமாகிவிட்டால், அதன் செல்லுபடியை எந்த மன்றமும் ஆராய முடியாது. எதிர்ப்பதானால், பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் அது இடம்பெற்ற சில நாட்களுக்குள் எதிர்க்க வேண்டும். 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் இவ்வாறே உயர் நீதிமன்றத்தில் முறியடிக்கப்பட்டது. நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 இல் வந்தபோது பலர் மனுச் செய்தனர். பல வாசகங்களைத் திருத்துமாறு மன்றம் கூறிற்று. அத்திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்த போதிலும், சபாநாயகரின் சான்றுரை 2024 பெப்ரவரி 1 ஆம் திகதி வீழ்ந்தது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாக அது நிலைபெற்றது. சட்டமூலத்தைக் கண்டபின் படிக்கத் தொடங்குவோருக்கு அந்தச் சில நாட்கள் ஒருபோதும் போதா.

எழக்கூடிய ஆட்சேபனைகள்

“சட்டமே கொடியது, சட்டத்தரணியைப் பயிற்றி என்ன பயன்?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. திசைநாயகத்துக்குத் திறமையான சட்டத்தரணிகள் இல்லாமலில்லை. ஆயினும் தண்டனை விழுந்தது. 2010 இல் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டதும் மன்றின் தீர்ப்பினால் அன்று. போர்ச் செய்திகள் மீதான தணிக்கையை 2000 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. பயிற்சி பெற்றவர் எல்லா வழக்கிலும் வெல்வார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் நன்கு வாதிக்கப்பட்டுத் தோற்ற வழக்கு, சட்டத்தின் கொடுமையை ஏட்டிலே பதித்து வைக்கின்றது. பத்திரிகை ஆசிரியர்களைக் குற்றவாளிகளாக்கிய குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இல் நீக்கப்பட்டது. அதற்கு முன் எத்தனை ஆசிரியர்கள் கூண்டில் ஏறினர்! அவ்வழக்குகள் நாடறிய நடத்தப்பட்டமையால் அன்றோ அச்சட்டம் நாட்டுக்கு ஒவ்வாதது என்பது புலனாயிற்று? கொடிய சட்டத்தை நீக்கக் கோரிப் போராடுவது ஒரு கடமை. நீங்கும் வரை அதில் அகப்பட்டவரைக் காப்பது மற்றொரு கடமை. ஒன்றைக் காட்டி மற்றதைக் கைவிடலாகாது.

“பயிற்சி நடக்கத்தானே செய்கிறது? விடுதி மண்டபங்களிலே கருத்தரங்குகள் இல்லையா?” என்பர் வேறு சிலர். இரண்டு நாள் விருந்தும் ஒரு சான்றிதழும் சட்டத்தரணியை உருவாக்கா. கனிஷ்டர் சிரேஷ்டரின் அருகிலிருந்து மனு வரைந்து, கோவை சுமந்து, மன்றிலே கேட்டுப் பழகித் தேர்வதே இத்தொழிலின் மரபு. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். மன்னாரில் ஒரு வழக்கு எழுந்தால், கொழும்பிலிருந்து வரும் சிரேஷ்டரோடு மன்னார்க் கனிஷ்டர் இருவர் தொடக்கமுதல் முடிவுவரை நிற்க வேண்டும். அடுத்த வழக்கை அவர்களே நடத்துவர்.

“இத்தகைய வழக்கை ஏற்றால் ஏற்பவருக்கே முத்திரை குத்துவார்களே” என்ற அச்சமும் உண்டு. அது வீண் அச்சமன்று. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா 2020 ஏப்ரலில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, ஏறத்தாழ 22 மாதங்கள் பிணையின்றி இருந்ததை நாடறியும். தனி மரத்தைச் சாய்ப்பது எளிது. தோப்பைச் சாய்ப்பது அரிது. 1976 இல் பெருந்தொகையானோர் அணி திரண்டதன் பயன் அதுவே.

மாற்றான் சொல்லும் சொல்லே

இன்னுமொன்று கூறாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையானதாகாது. எமக்குப் பிடித்த சொல்லைக் காப்பதற்கு மட்டும் பயிற்சி வேண்டுமென்றால், அது சொல்லுரிமைப் பயிற்சி ஆகாது; கட்சிப் பணியாகும். மேலே கூறிய வழக்குகளில் முஸ்லிம்களும் உளர், சிங்களவரும் உளர். அவர்கள் கைதான நாளில் எமது பத்திரிகைகள் எத்தனை வரி எழுதின? மாவீரர் நினைவேந்தலைத் தடுக்கக் கோரி 2020 நவம்பரில் வடக்குக் கிழக்கு நீதவான் மன்றங்களுக்குப் பொலிஸார் சென்றபோது, இறந்தோரை நினைந்து விளக்கேற்றுவதும் கருத்து வெளிப்பாடே என்று நாம் வாதித்தோம். அவ்வாதத்துக்குத் துணை நிற்பது பறையோசையைக் காத்த 1993 ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதனைப் பெற்றுத் தந்தது தென்னிலங்கையில் எழுந்த போராட்டம். ஒருவர் பெற்ற தீர்ப்பு எல்லோருக்கும் கேடயமாவது இவ்வாறே. எமது சமூகத்துக்குள்ளே, எமது தலைவர்களையும் எமது நம்பிக்கைகளையும் கண்டித்து எழுதுபவருக்கும் அதே கேடயம் உரியது. மக்களை மக்கள் மீது ஏவிவிடும் பேச்சுக்கு மட்டும் அதனை நீட்டலாகாது. அளுத்கமையும் திகனையும் எரிந்த வரலாறு எமக்கு முன் உண்டு. எந்தச் சொல் புண்படுத்தும் சொல், எந்தச் சொல் கொளுத்தும் சொல் என்று பிரித்துக் காட்டுவதே பயின்ற சட்டத்தரணியின் முதற்பணி.

செய்ய வேண்டியவை பெரும் பொருட் செலவுடையன அல்ல. மாவட்டச் சட்டத்தரணிகள் சங்கங்கள் ஒவ்வொன்றும் இத்துறைக்கென இளையோர் சிலரைத் தெரிந்தெடுக்கட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துச் சட்டத்துறை, மனு வரைதலையும் போலி வழக்காடுதலையும் இப்பொருளிலே நடத்தட்டும். சொல்லுரிமை பற்றிய முக்கிய தீர்ப்புகள் வென்றவையும் தோற்றவையுமாகத் தமிழிலே ஒரு தொகுப்பாக வரட்டும். நள்ளிரவில் பத்திரிகையாளர் ஒருவர் கைதானால் அழைக்க வேண்டிய சட்டத்தரணியின் பெயர், ஒவ்வொரு பத்திரிகைக் காரியாலயத்துச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கட்டும். முல்லைத்தீவிலிருந்து உயர் நீதிமன்றம் சென்று வரும் செலவுக்குப் பத்திரிகை நிறுவனங்கள் ஒரு நிதியம் அமைக்கட்டும். எழுதுகிறவரின் உழைப்பிலே வாழும் நிறுவனங்களுக்கு அவரைக் காக்கும் கடமை இல்லையா?

அடுத்த கவிஞர் எப்போது, எவ்வூரில் கைதாவார் என்பதை எவரும் அறியோம். அவ்வூர் நீதவான் மன்றிலே, “எதிரி சார்பில் தோன்றுபவர் யார்?” என்று முதல் நாளிலே கேட்கப்படும்போது, தயங்காது எழுந்து நிற்கும் ஒருவரை இன்றே உருவாக்க வேண்டும்.